டெஸ்க்டாப் முழுக்க ஐகானா? டெலிட் பண்றதுக்கு முன்னாடி அந்த அம்புக்குறியைப் பாருங்க!

மீட்டிங்கில் ஸ்கிரீன் ஷேர் பண்ணச் சொன்னதும் முதலில் நம் மானத்தை வாங்குவது டெஸ்க்டாப்தான். வால்பேப்பரே தெரியாத அளவுக்கு ஐகான்கள். ஒரே ஒரு தடவை பயன்படுத்திய வீடியோ கன்வெர்ட்டர், எப்பவோ விளையாடிய கேம் எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

இது புதுப் பிரச்னை இல்லை. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இதற்கென்றே 'டெஸ்க்டாப் க்ளீனப் விசார்ட்' இருந்தது. 60 நாளுக்கு ஒருமுறை எட்டிப்பார்த்து, தொடாத ஷார்ட்கட்களைப் பட்டியல் போடும். நீங்கள் ஓகே சொன்னால் அவற்றைத் தனி ஃபோல்டருக்கு மாற்றிவிடும். இப்போதைய விண்டோஸில் அந்த விசார்ட் இல்லை. ஆனால், அதே டெக்னிக்கை நாமே செய்யலாம். டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டர் போட்டு, சந்தேகமான ஷார்ட்கட்களை எல்லாம் அதில் தள்ளுங்கள். இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லையா? தைரியமாகத் தூக்கிடலாம்.

ஷார்ட்கட்டை டெலிட் செய்தால் சாஃப்ட்வேர் போகாது. அது வெறும் வழிகாட்டிப் பலகை மாதிரி. ஸ்டார்ட் மெனுவில் தேடினால் அந்த சாஃப்ட்வேர் வந்து நிற்கும். இதையே திருப்பிப் பார்த்தால், ஷார்ட்கட்டை நீக்கியதால் டிஸ்க்கில் இடம் மிச்சமாகும் என்பதும் தப்புக் கணக்கு. அதற்கு அன்இன்ஸ்டால்தான் வழி.

ஆனா, உஷாரா இருக்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. டெஸ்க்டாப்பில் இருப்பதெல்லாம் ஷார்ட்கட் இல்லை. ஐகானின் இடது கீழ் மூலையில் குட்டி அம்புக்குறி இருந்தால்தான் ஷார்ட்கட். இல்லையென்றால், அது உங்கள் ரெஸ்யூமேவோ கல்யாண போட்டோ ஃபோல்டரோ, ஒரிஜினலாகவே இருக்கலாம். குழப்பமாக இருந்தால் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். இன்னொரு சிக்கல்... ஃபோல்டர் ஷார்ட்கட்டை டெலிட் செய்தால் பிரச்னை இல்லை. அதைத் திறந்து உள்ளே இருப்பதை டெலிட் செய்தால், போவது ஒரிஜினல்!

கை தவறிவிட்டால் உடனே கன்ட்ரோல் + இசட். கொஞ்ச நேரம் ஆகிவிட்டால் ரீசைக்கிள் பின்னைத் திறந்து 'ரீஸ்டோர்' கொடுங்கள். ஷிஃப்ட் + டெலிட் மட்டும் வேண்டாம். அது ரீசைக்கிள் பின்னுக்கே போகாது.

இதுக்கெல்லாம் இப்போ நேரமில்லை, இன்னும் ரெண்டு நிமிஷத்தில் மீட்டிங் என்கிறீர்களா? டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, 'வியூ'வில் 'ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள். எல்லாம் மறைந்துவிடும், எதுவும் அழியாது. மீட்டிங் முடிந்ததும் திரும்ப டிக் போட்டுக்கலாம்.