றைன் நதிக்கரையிலிருந்து ஓர் இசைத்தட்டு

1982 இல் இலண்டனில் ஓர் இசைத்தட்டு வெளியாயிற்று. 'கடவுளின் மூச்சில் ஓர் இறகு' என்பது அதன் பெயரின் பொருள். அதிலுள்ள எட்டுப் பாடல்களையும் இயற்றியவர் 800 ஆண்டுகளுக்கு முன் ஜேர்மனியில் வாழ்ந்த கன்னியர் மடத் தலைவி ஹில்டெகார்ட் (1098–1179). கிறிஸ்தோபர் பேஜ் நெறிப்படுத்த, எம்மா கேர்க்பி முதலானோர் பாடினர். வெளியிட்ட ஹைப்பீரியன் கம்பனி தொடங்கி இரண்டு வருடங்களே ஆகியிருந்தன. எவரும் எதிர்பாராத விற்பனை அக்கம்பனியையே நிலைநிறுத்தியது.

இங்கிலாந்தின் புறோகிரசிவ் றொக் குழுக்களுக்கும் அதற்கு முன்பே பழைய இசையில் ஒரு மோகம் இருந்தது. கிறிஃபன் என்ற குழு பழங்கால ஊதுகுழல்களோடு மேடையேறி, 1974 இல் புகழ்பெற்ற யெஸ் குழுவின் சுற்றுப்பயணத்திலும் வாசித்தது. கேட்க இனிமைதான். ஆனால் அங்கே பழமை ஓர் அலங்காரம். இந்தத் தட்டிலோ பழைய பாட்டுத்தான் எல்லாம்.

அப்பாட்டு எம் காதுவரை வந்த வழி பெரிய கதை.

சிறு வயதிலிருந்தே துறவியரின் மடமொன்றை ஒட்டி வாழ்ந்த ஹில்டெகார்ட், அதன் தலைவருக்கு விருப்பமில்லாதபோதும் 1150 அளவில் சுமார் இருபது சகோதரிகளுடன் வெளியேறி, பிங்கன் நகரருகே றூப்பெர்ட்ஸ்பேர்க்கில் தனி மடம் அமைத்தார். அவர்கள் பாடுவதற்காகவே எழுபதுக்கும் மேற்பட்ட பாடல்களையும் ஓர் இசை நாடகத்தையும் ஆக்கினார். அந்நாடகத்தில் நற்குணங்கள் எல்லாம் பாடும். சாத்தானுக்கு மட்டும் பாட்டில்லை, கத்தலே உண்டு!

1178 இல் அந்த மடத்தின் பாட்டு நிறுத்தப்பட்டது. திருச்சபையிலிருந்து முன்னர் விலக்கப்பட்டிருந்த ஒரு பிரபுவை மடத்து மயானத்தில் அடக்கம் செய்ததே குற்றம். உடலைத் தோண்டி அகற்றும்படி மைன்ஸ் நகரத் திருச்சபை அதிகாரிகள் கட்டளையிட்டனர். அவர் இறக்குமுன் மன்னிப்புப் பெற்றவர் என்று கூறி ஹில்டெகார்ட் மறுத்தார். தண்டனையாக, செபங்களை மூடிய கதவுகளுக்குள் வாசிக்க மட்டுமே அனுமதி கிடைத்தது. காலைப் பிரார்த்தனையில் ஒன்றாகப் பாடி வளர்ந்த எமக்கு அந்த மௌனத்தின் பாரம் விளங்கும். எண்பது வயதில் அவர் எழுதிய கடிதம் கெஞ்சவில்லை. இறைவனின் புகழ்ப்பாட்டைத் தகுந்த காரணமின்றித் தடுப்போர் மறுமையில் தேவதூதரின் பாட்டில் பங்கு பெறார் என்று எச்சரித்தது. 1179 மார்ச்சில் தடை நீங்கியது. செப்டெம்பரில் அவர் காலமானார்.

பாடல்கள் எழுதப்பட்ட பெரிய ஏடு சுமார் 15 கிலோ எடையுள்ளது. 1632 இல் போரில் மடம் அழிந்தபோது, சகோதரிகள் அதை நதிக்கு அக்கரையிலுள்ள எயிபிங்கனுக்குக் கொண்டு சென்றனர். பின்னர் அது வீஸ்பாடன் நூலகம் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில், பாதுகாப்புக்கென்று டிரெஸ்டன் நகர வங்கியொன்றுக்கு அனுப்பப்பட்டது. 1945 இன் குண்டுவீச்சில் அந்நகரம் எரிந்தும் ஏடு தப்பியது. ஆனால் சோவியத் வசமான பகுதியில் சிக்கிக்கொண்டது. மார்கரேத்தே கூன் என்ற ஆராய்ச்சியாளர் ஆய்வுக்கென்று அதைப் பேர்லினுக்கு வரவழைக்க, 1948 இல் அமெரிக்க அதிகாரி ஒருவரின் மனைவி கரோலைன் வோல்ஷ் அதை மேற்கே கொண்டு வந்து சேர்த்தார். அதனுடன் டிரெஸ்டனுக்குச் சென்ற ஹில்டெகார்ட்டின் ஓவியச் சுவடி காணாமற் போயிற்று. நல்ல வேளை, எயிபிங்கன் சகோதரிகள் போருக்கு முன்பே அதைக் கையால் படியெடுத்து வைத்திருந்தனர்.

ஏட்டிலுள்ள குறிகள் சுரத்தைச் சொல்லும். தாளத்தையோ வேகத்தையோ சொல்லா. ஆகவே பாடுவோருக்குப் பாடுவோர் பாட்டு மாறும். 1982 இன் தட்டில் சில பாடல்களுக்கு, எமது சுருதியைப் போல் நீண்ட நாதம் பின்னால் ஒலிக்கிறது. அதே ஆண்டு செக்குவென்சியா குழு இசை நாடகத்தைப் பதிவு செய்தது. 1989 இல் பிலவெட் என்ற குழு, இலண்டன் தட்டின் 'ஓ யூக்காரி' பாடற் குரலை எடுத்து நடனப் பாட்டொன்றிற் சேர்த்தது. அதற்கு ஆடிய இளைஞரில் எத்தனை பேர் அது மடத்துப் பாட்டென்று அறிந்தார்களோ!

இன்று இறுவட்டைத் தேடவேண்டியதில்லை. பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் கைத்தொலைபேசியிலேயே எடுத்துத் தருவார்கள். முதலில் 'ஓ யூக்காரி'யைக் கேளுங்கள்.