அப்பா கிளம்பிவிட்டார்... மகள் வரவில்லை!

1842, ஜனவரி 2. ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தில், கோவென்ட்ரி நகரத்தை ஒட்டிய ஃபோல்ஸ்ஹில் என்கிற இடம். ராபர்ட் எவன்ஸ் என்ற பெரியவர் வழக்கம்போல டிரினிட்டி சர்ச்சுக்குப் புறப்பட்டார். வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த மரியா லூயிஸ் டீச்சரும் கூடப் போனார். இருபத்திரண்டு வயது மகள் மேரி ஆன் மட்டும், வர முடியாது என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். அன்றைய டைரியில் அப்பா இதைக் குறித்து வைத்தார்.

'பொண்ணு ஒரு நாள் சர்ச்சுக்குப் போகலை... இதெல்லாம் ஒரு சரித்திரமா சார்?' என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

மேரி ஆன் சாதாரண பக்தை இல்லை. சிறுமியாகப் பள்ளியில் இருந்தபோதே அவளை இவாஞ்சலிக்கல் பக்திக்குள் கொண்டுவந்தவர் இதே மரியா லூயிஸ்தான். இவாஞ்சலிக்கல் என்றால், பைபிளின் ஒவ்வொரு எழுத்தும் கடவுள் வாக்கு, மனிதன் பாவி, பொழுதுபோக்கு எல்லாம் ஆபத்து என்று இருந்த கண்டிப்பான கூட்டம். பதினாறு வயதில் அம்மா இறந்துபோக, வீட்டுப் பொறுப்பும் மேரி ஆன் தலையில் விழுந்தது. பக்தி இன்னும் இறுகியது. 1838-ல் அண்ணன் ஐசக்குடன் லண்டன் போனாள். அண்ணன் நாடகம் பார்க்கக் கிளம்ப, தங்கை அறையிலேயே உட்கார்ந்து புத்தகம் படித்தாள்! நாவல் படிப்பது மனசைக் கெடுக்கும் என்று டீச்சருக்கு நீளமாகக் கடிதம்கூட எழுதினாள். (இந்த நாவல் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

1841-ல் குடும்பம் ஃபோல்ஸ்ஹில்லுக்குக் குடிவந்தது. அங்கே சார்லஸ் பிரே - காரா தம்பதியின் சிநேகம் கிடைத்தது. காராவின் அண்ணன் சார்லஸ் ஹென்னல் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். கிறிஸ்துவ மதம் எப்படித் தோன்றியது என்று சரித்திர ஆசிரியரின் கண்ணோடு அலசி, அற்புதங்கள் எதற்கும் ஆதாரம் இல்லை என்று முடிவுக்கு வந்த புத்தகம். மேரி ஆன் அதைப் படித்தாள். ஏற்கெனவே உள்ளுக்குள் விரிசல் விட்டிருந்த சுவர் சரிந்தது.

அப்பாவுக்கு இடி. பேச்சுவார்த்தை நின்றது. வீட்டையே காலி செய்துவிடப் போகிறேன் என்றார். பெரியவர்களை அனுப்பி வாதம் பண்ணச் சொன்னார்கள். பெண் மசியவில்லை. பிப்ரவரி 28-ம் தேதி, ஒரே கூரையின் கீழ் இருக்கும் அப்பாவுக்குக் கடிதம் எழுதினாள். வேதப் புத்தகங்களில் உண்மையும் கற்பனையும் கலந்திருப்பதாக நினைக்கிறேன், ஏசுவின் நீதி போதனைகள் மீது எனக்கு மதிப்பு உண்டு, ஆனால் நம்பாத ஒன்றை நம்புவதுபோல நடிக்க முடியாது... இதுதான் சாரம். கடைசியில், நீங்கள் எங்கே இருந்தாலும் கூட இருந்து உங்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் ஆசை என்றும் எழுதினாள். அப்பா இளகவில்லை. சில வாரங்கள் அண்ணன் வீட்டில் போய் இருந்தாள்.

இங்கேதான் கதை திரும்புகிறது. மே மாதம், மேரி ஆன் மறுபடியும் அப்பாவோடு சர்ச்சுக்குப் போனாள்!

மனம் மாறிவிட்டதா? இல்லை. ஞாயிறன்று அப்பா பக்கத்தில் உட்காருவாள், அங்கே உட்கார்ந்து என்ன நினைப்பது என்பது அவள் இஷ்டம். இந்த ஏற்பாட்டுக்கு அப்பா சம்மதித்தார். ஏழு வருஷம் இப்படியே போனது.

'இது கோழைத்தனம் இல்லையா?' சிலர் அப்படிச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த வருஷம் தோழி சாரா ஹென்னலுக்கு அவள் எழுதிய கடிதத்தைப் படித்தால் உங்களுக்கும் தோன்றாது. கட்டிலிருந்து விடுபட்ட புதிதில் ஒரு வெறி வரும், எல்லோரையும் நம் பக்கம் இழுக்கத் தோன்றும். ஒன்றிரண்டு வருஷம் போனால், நம்முடைய முடிவுகளும் அப்படியொன்றும் உறுதியானவை இல்லை என்று புரியும். மனிதர்கள் கருத்தால் ஒன்றுசேர்வது நடக்காத காரியம், உணர்வால்தான் முடியும். அந்தக் கடிதத்தில் அவள் சொன்னதன் சுருக்கம் இது. அப்போது வயது இருபத்துமூன்று!

நம்ம அடையாறுக்கு வந்து தங்கிய அன்னி பெசன்ட் ஞாபகம் வருகிறார். பாதிரியாரின் மனைவி. 1873-ல் கணவரைவிட்டு வெளியேறி, நாத்திகப் பிரசாரத்தில் இறங்கி, 1889-ல் தியாசஃபியில் போய்ச் சேர்ந்தார். ஒரு கரையை விட்டதும் அடுத்த கரை. மேரி ஆன் நடு ஆற்றிலேயே நீந்தப் பழகிக்கொண்டாள்.

சுலபமாக இல்லை. ஏசுவின் வாழ்க்கையைச் சரித்திரக் கண்ணால் அலசிய ஜெர்மன் அறிஞர் ஸ்ட்ராஸின் பெரிய நூலை மொழிபெயர்த்தாள். மூன்று பாகம், சம்பளம் இருபது பவுண்டு, 1846-ல் வந்த புத்தகத்தில் அவள் பெயர்கூட இல்லை. சிலுவைக் காட்சியைத் துண்டு துண்டாகப் பிரித்துப்போடும் பக்கங்கள் வந்தபோது, மனசு தாங்காமல் எதிரே இருந்த ஏசுவின் உருவத்தைப் பார்த்துத்தான் தேற்றிக்கொண்டாளாம். 1849-ல் அப்பா படுத்த படுக்கையானார். இரவும் பகலும் பக்கத்திலேயே இருந்து கவனித்த மகள், அந்த நாட்களில் விரும்பிப் படித்தது தாமஸ் அகெம்பிஸ் என்ற பழைய துறவியின் பக்தி நூலை! மே 31-ம் தேதி அப்பா போய்விட்டார். அப்பா இல்லாமல் நான் என்ன ஆவேன், என் மனசாட்சியில் ஒரு பாகமே போனதுபோல இருக்கிறது என்று பிரே தம்பதிக்கு எழுதியிருந்தாள்.

பிற்பாடு அவர் ஜார்ஜ் எலியட் ஆனார். ஆமாம், நாவல் மனசைக் கெடுக்கும் என்ற அதே பெண்தான்! 1859-ல் வந்த 'ஆடம் பீட்' நாவலில், படிப்பவர் மனசை அள்ளுகிற பாத்திரம் யார் தெரியுமா? டைனா மோரிஸ் என்ற மெதடிஸ்ட் பெண் பிரசங்கி. தன் சித்தியை மனதில் வைத்து எழுதியது. மதத்தை விட்டவர் எழுதிய பக்தையிடம் ஒரு பொட்டு கேலி கிடையாது.

அவர் 1880 டிசம்பரில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யலாமா என்று பேச்சு எழுந்தது. திருமணம் ஆகாமலே ஜி.எச்.லூயிஸ் என்ற எழுத்தாளரோடு இருபத்துநாலு வருஷம் வாழ்ந்தவர், சர்ச்சின் கொள்கையை ஏற்காதவர், அங்கே எப்படி என்று மறுத்தவர்களில் ஒருவர் தாமஸ் ஹக்ஸ்லி. கடவுள் உண்டா இல்லையா என்பது நமக்குத் தெரியாது என்பவர்களுக்கு, 1869-ல் 'அக்னாஸ்டிக்' என்று பெயர் சூட்டியவரே அவர்தான்! ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அபேயில் ஜார்ஜ் எலியட் பெயருக்கு ஒரு கல் பதிக்க இன்னும் நூறு வருஷம் ஆனது... 1980-ல்.