ஏடும் அச்சும் திரையும்

பணி நிமித்தம் மும்பையிலோ தில்லியிலோ குடியேறிய தமிழ்க் குடும்பம் வீடு மாற்றும்பொழுது முதலில் எடைக்குப் போவது புத்தக அலமாரியே. இரண்டு அறை வீட்டில் கட்டிலுக்கே இடம் போதாது. எல்லாம் கைப்பேசியில் கிடைக்கிறதே என்பர் பிள்ளைகள். பெரியவர்கள் மனம் நோவர். இரு சாராரிடத்தும் நியாயம் உண்டு. ஆயினும் இவ்வழக்குத் தமிழர்க்குப் புதியதன்று. ஓலையிலிருந்து தாளுக்கு நம் நூல்கள் மாறிய காலத்தும் இது நிகழ்ந்தது.

தமிழ் எழுத்துகளில் அச்சான நூல்களுள் இன்று நமக்குக் கிடைப்பவற்றில் மிகப் பழையது, 1578இல் கொல்லத்தில் அச்சாகிய ‘தம்பிரான் வணக்கம்’. பதினாறே பக்கம் கொண்ட சிறு நூல் அது. ஆனால் அச்சு வந்தவுடன் ஏடு மறைந்துவிடவில்லை. அதன் பின்னும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் தமிழ்ப் புலவர் ஓலையிலேயே படித்தனர், ஓலையிலேயே எழுதினர். 1812இல் திருக்குறள் மூலம் அச்சேறியது. 1835இல் அச்சுக்கூடக் கட்டுப்பாடுகள் நீங்கிய பின்னரே நம்மவர் பரவலாகச் சொந்த அச்சகங்கள் நிறுவத் தொடங்கினர். ஆறுமுக நாவலர் அச்சகம் வைத்து நூல் வெளியிட்டது அக்காலத்தில்தான்.

ஏடு நம் நாட்டு வெப்பத்தையும் பூச்சியையும் தாங்கி நிற்பது சில தலைமுறைகளே. பிறகு யாரேனும் ஒருவர் அமர்ந்து புதிய ஓலையில் படியெடுத்தாக வேண்டும்; எடுக்காத நூல் இறந்தது. அச்சு பரவியபின் படியெடுக்கும் வழக்கம் தளர்ந்தது. அச்சேறாத நூல்களுக்கோ படியெடுப்பார் இலராயினர். இந்த இடைவெளியில்தான் நாம் பெரிதும் இழந்தோம். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான வளையாபதியின் ஏட்டுச் சுவடியைத் தம் இளமையில் திருவாவடுதுறை மடத்தில் கண்டவர் உ. வே. சாமிநாதையர். பழைய நூல்களைப் பதிப்பிக்கும் எண்ணம் வந்தபின் அவர் தேடியபோது அச்சுவடி அகப்படவில்லை. இன்று நமக்கு எஞ்சியிருப்பவை சிதறிய செய்யுள்கள் சிலவே. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அவரிடமே கூறினர். அவ்வாறு செய்தவர் தீயவர் அல்லர். பழுதுற்ற ஏட்டிற்கு உரிய மரியாதை அதுவே என நம்பியவர்.

எஞ்சியவற்றைக் கரை சேர்த்தவர் சிலரே. சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் ஐயரின் சீவகசிந்தாமணி வெளிவந்தது. சிலப்பதிகாரம் 1892இலும் புறநானூறு 1894இலும் மணிமேகலை 1898இலும் தொடர்ந்தன. இவர்கள் செய்தது வெறும் படியெடுப்பு அன்று. ஏட்டில் பெரும்பாலும் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். சொற்களுக்கிடையே இடமும் இராது. மூலம் முடிந்து உரை தொடங்குமிடம் தெரியாது. பல சுவடிகளை ஒப்புநோக்கி, இதுவே பாடம் என்று துணிந்து, ஏனைய பாடங்களை அடிக்குறிப்பில் தந்தனர். நாம் இன்று ‘புறநானூறு’ என்று கையில் எடுப்பது அவ்வுழைப்பின் விளைவேயன்றி, ஓலையில் கிடந்தது அப்படியே அன்று.

இனித் திரைக்கு வருவோம். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளிலும் இருந்த தமிழ் அன்பர்கள் ஊதியம் கருதாது பழைய நூல்களைத் தட்டச்சிட்டு இலவசமாக வழங்கினர். இவர்களுட் பலர் நம்மைப் போலவே ஊரை விட்டு வந்தவர்கள் என்பது எனக்குப் பெருமிதம் தருகிறது. நூலகம் இல்லாத ஊரிலிருந்தும் ஒருவர் சங்கநூல் படிக்கலாம் என்னும் நிலையை அவர்கள் உண்டாக்கினர். அதனைக் குறைத்துக் கூறுவது நன்றி மறத்தலாகும்.

ஆனால் ஏட்டைக் காணக் கண்ணும் வெளிச்சமும் போதும். மின்னூலுக்குக் கருவியும் குறியீடும் வேண்டும். தொடக்க நாட்களில் நிறுவனத்துக்கு ஓர் எழுத்துரு இருந்தது. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் பொருளற்ற கோலமாய்த் தோன்றும். பின்னர் ‘திஸ்கி’ வந்தது. அதன்பின் ‘யூனிகோடு’ நிலைபெற்றது. இவ்வாறு மாறும்பொழுதெல்லாம் யாரேனும் பழையதைப் புதியதற்கு மாற்றியாக வேண்டியிருந்தது. ஓலை எழுதியோர் பட்ட பாடும் இதுவேயன்றோ! 1996இல் நான் எழுதிய நீண்ட கட்டுரையொன்றை நெகிழ்வட்டில் சேமித்து, பத்திரமாக இருக்கிறது என்று மகிழ்ந்திருந்தேன். இன்று வட்டு இருக்கிறது; அதைப் படிக்கும் கருவியும் இல்லை, எழுத்துருவும் இல்லை. அக்கட்டுரை அச்சான மலர் என் தமக்கை வீட்டுப் பெட்டியில் நலமாக உள்ளது.

மற்றொன்றும் உண்டு. வலையில் உலவும் மின்படிகள் பலவற்றில் மூலம் மட்டும் இருக்கிறது. எவர் பதிப்பு என்ற குறிப்பும், முன்னுரையும், பாடபேதமும் உதிர்ந்துவிட்டன. பக்கங்களைப் படமெடுத்து வைத்த படிகளில் இக்குறை இல்லை. புத்தகத்தின் மணம் போயிற்று என்று வருந்துவோர் இதற்கன்றோ வருந்த வேண்டும்?

வெளியூர்த் தமிழர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கற் சட்டப்படி, தமிழகத்தில் அச்சாகும் நூலின் படிகள் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கு மட்டுமன்றி, கல்கத்தாத் தேசிய நூலகத்துக்கும் மும்பை, தில்லி நூலகங்களுக்கும் அனுப்பப்பட வேண்டும். நாம் குடியேறிய நகரங்களுக்கே தமிழ் நூலும் குடிவர வேண்டுமெனச் சட்டம் வகுத்திருக்கிறது. எத்தனை பேர் சென்று கேட்டிருக்கிறோம்?

எங்கள் வீட்டில் இப்பொழுது மூன்று தட்டு நூல்கள் எஞ்சியுள்ளன. எவை மின்வடிவில் உள்ளன என்று பேரன் கைப்பேசியில் தேடிச் சொல்ல, நான் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். சென்ற ஞாயிறன்று முதல் தட்டு முடிந்தது. இருபத்தேழு நூல்களில் பதினொன்று அவனுக்கு எங்கும் அகப்படவில்லை. அவற்றைத் தனியே எடுத்து, கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியில் அவனே அடுக்கி வைத்தான்.