ஒரு குடும்பம், மூன்று எழுத்து

எங்கள் குடும்ப வரலாற்றைச் சென்ற வருடம் ஒரு சிறு புத்தகமாக அச்சிட்டோம். 160 பக்கம், 150 பிரதிகள். கடையில் கிடைக்காது, சொந்தபந்தங்களுக்கு மட்டும்தான். எப்படிச் செய்தீர்கள் என்று நண்பர்கள் பலர் கேட்டார்கள். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட மொத்தமாக இங்கேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது. எங்கள் பூர்வீகம் சித்தூர். அதனால் சித்தூர், திருப்பதி பக்கத்துக்காரர்களுக்கு இது நேரடியாக உதவும். மற்றவர்களுக்கும் வழிமுறை ஏறக்குறைய இதேதான்.

இங்கே நியூஜெர்சியில் சொந்த ஊர் சித்தூர் என்று சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "அப்போ நீங்க தெலுங்கா?" வீட்டில் தமிழ்தான், ஆனால் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம் என்றால் இன்னும் குழம்பிவிடுவார்கள் :-)

ஊர் நகரவில்லை, கோடு நகர்ந்தது

குடும்ப வரலாறு தேடுபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தன் ஊர் எந்த வருடம் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதைத்தான். எந்த ஆவணத்தை எந்த ஊரில் தேடுவது என்பது அதைப் பொறுத்தது.

1911 ஏப்ரல் 1க்கு முன் சித்தூர் மாவட்டம் என்று ஒன்று இல்லை. வட ஆற்காடு மாவட்டம்தான், அதன் தலைநகர் சித்தூர். 1911ல் வட ஆற்காட்டிலிருந்து சித்தூர், சந்திரகிரி, பலமனேர் போன்ற பகுதிகளையும், கடப்பை மாவட்டத்திலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு பகுதிகளையும் எடுத்துப் புது மாவட்டம் அமைத்தார்கள். மிச்சமிருந்த வட ஆற்காட்டுக்கு வேலூர் தலைநகரானது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அங்கே போனது. தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாகச் சொல்லும் வேங்கடமும் அதில் சேர்த்தி. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், பிறகு படாஸ்கரின் சமரசத் தீர்ப்பு, 1959ல் எல்லை மாற்றச் சட்டம் எல்லாம் முடிந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்குத் திரும்பின. அதே நாளில் செங்கல்பட்டு மாவட்டத்தின் சத்தியவேடு பகுதி சித்தூருக்குப் போனது. கடைசியாக 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. சத்தியவேடு இப்போது அதில் இருக்கிறது.

டாக்டர் ராதாகிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். 1888ல் திருத்தணியில் பிறந்தவர், திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்தவர். அவர் பிறந்தபோது திருத்தணி வட ஆற்காடு மாவட்டம். 1911லிருந்து 1960 வரை சித்தூர். பிறகு செங்கல்பட்டு. 1997லிருந்து திருவள்ளூர். பிறந்த வீடு ஒரு அடிகூட நகரவில்லை, மாவட்டம் மட்டும் நான்கு!

அவருக்கு வாழ்க்கை வரலாறு எழுத ஆட்கள் இருந்தார்கள். நம் கொள்ளுத் தாத்தாவுக்கு யார் இருக்கிறார்கள்? திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன, அவற்றில் பெரும்பாலானவை தமிழ். ஆனால் கல்லில் பெயர் வர நிலமோ பொன்னோ தானம் செய்திருக்க வேண்டும். நம்மைப் போன்ற குடும்பங்களின் பெயர் கல்லில் கிடையாது. ரிஜிஸ்தர் ஆபீசிலும், கோர்ட்டிலும், பரண்மேல் டிரங்குப் பெட்டியிலும்தான் இருக்கிறது.

எங்கே தேடுவது

முதலில் சார்பதிவாளர் அலுவலகம். 1908ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி அங்கே இரண்டு முக்கியமான அட்டவணைகள் உண்டு. ஒன்று ஆட்களின் பெயர்வாரியாக, இன்னொன்று சொத்துவாரியாக. கட்டணம் கட்டினால் கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகியவற்றின் நகலை யாரும் வாங்கலாம். உயில் என்றால், எழுதியவர் இறந்த பிறகு கேட்பவர்களுக்குக் கொடுப்பார்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அப்பா பெயர், அண்ணன் தம்பிகள், அவரவர் வயது, வீட்டின் நான்கு எல்லை, கிணற்றில் எத்தனை பங்கு என்று எல்லாம் அதில் இருக்கும். குடும்பம் கோர்ட்டுக்குப் போயிருந்தால் இன்னும் விசேஷம். பாக வழக்கின் பிராதில் பெரும்பாலும் வம்சாவளியே இணைத்திருப்பார்கள். சண்டை போட்ட முன்னோர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

சென்னை மாகாணக் காலத்து அரசு ஆவணங்களுக்கு எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ஊர் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள, காக்ஸ் 1881ல் எழுதி ஸ்டூவர்ட் பின்னால் திருத்திய வட ஆற்காடு மாவட்டக் கையேடு. குளம், பயிர், சாதி, ஜமீன் என்று எல்லாவற்றையும் பற்றி அதில் உண்டு. வெள்ளைக்கார அதிகாரியின் பார்வை என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

தேதிகள் ஒரு தலைவலி. வருவாய்த் துறைக் கணக்குகளில் பசலி ஆண்டு இருக்கும். 590 கூட்டினால் நம் வருடம் கிடைக்கும், ஜூலையில் தொடங்கும். பசலி 1320 என்றால் 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. ஜாதகத்திலும் பெரியவர்கள் பேச்சிலும் வருவது பிரபவ, விபவ என்ற அறுபது வருடப் பெயர்கள். ஒவ்வொரு பெயரும் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும்.

எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்த ஒரே ஒரு வாக்கியம், "தாது வருஷத்துல ஊரை விட்டுக் கிளம்பி சித்தூர் வந்தோம்" என்பது. தாது என்றால் 1876-77ஆகவும் இருக்கலாம், 1936-37ஆகவும் இருக்கலாம். தாத்தாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த ஊர் சித்தூர், வருடம் 1909. ஆக, வந்தது 1876ல்தான். அந்த ஒரு கணக்கு போட்டதும் கதையே மாறிவிட்டது. வேலை தேடி வந்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் வந்தது தாது வருஷப் பஞ்சத்தில்! 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பஞ்சம் அது. பல லட்சம் பேர் செத்தார்கள். நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கு ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும். மண் சுமக்கும் ஆளுக்கு அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம். அப்படி ஒரு வருடத்தில் நடந்து வந்து பிழைத்தவர்களின் பேரன் பேத்திகள் நாம் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாமா?

அந்தக் காலத்தில் கப்பல் ஏறியவர்களும் உண்டு. 1860க்கும் 1911க்கும் நடுவே நேட்டாலுக்கு மட்டும் சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள். அந்தக் கப்பல் பதிவேடுகளில் பெயர், தகப்பன் பெயர், வயது, மாவட்டம், தாலுகா, கிராமம் எல்லாம் இருக்கிறது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் பலர் தங்கள் ஊரைக் கண்டுபிடித்தது அதை வைத்துத்தான். உங்கள் வீட்டில் "கடல் தாண்டிப் போய்த் திரும்பவே இல்லை" என்று ஒருவர் இருந்தால் அங்கேயும் தேடுங்கள்.

பெண்கள் எங்கே?

எங்களிடம் இருந்த வம்சாவளித் தாளில் ஐந்து தலைமுறை ஆண்கள் இருந்தார்கள். பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. கொள்ளுத் தாத்தாவின் தம்பி பெயருக்குப் பக்கத்தில் "சிறு வயதில் காலம்" என்று மட்டும் எழுதியிருந்தது.

பெரியப்பா வீட்டுப் பரணில் ஒரு பிராது நகல் கிடைத்தது. 1926ஆம் வருடம். அந்தத் தம்பிக்கு மனைவி இருந்திருக்கிறார். பிள்ளை இல்லை. 19 வயதில் விதவை. ஏழு வருடம் அதே வீட்டில் இருந்துவிட்டு, பிறகு தன் மூத்தாரின் மேலேயே, அதாவது எங்கள் கொள்ளுத் தாத்தா மேலேயே, ஜீவனாம்ச வழக்கு போட்டிருக்கிறார். 1937 சட்டத்துக்கு முன் கூட்டுக் குடும்பத்து விதவைக்குச் சொத்தில் பங்கு கிடையாது, ஜீவனாம்சம் மட்டும்தான். மாதம் 8 ரூபாய் கேட்டிருந்தார். அந்தத் தாளில் எனக்கு மிகவும் பிடித்தது, அவர் தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்து போட்டிருந்ததுதான். சாட்சிகளில் இரண்டு ஆண்கள் கைநாட்டு.

பெரியப்பாவுக்கு இதை அச்சில் போடுவதில் விருப்பமில்லை. "ஏம்பா, நூறு வருஷத்துக்கு முந்தின சண்டை. இப்ப எதுக்கு? தாத்தா பேரு கெட்டுப்போகாதா?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. கொள்ளுத் தாத்தா ஊரில் நல்ல பெயர் எடுத்தவர், இரண்டு தங்கைகளைக் கரையேற்றியவர். ஆனால் அந்த அம்மாவை விட்டுவிட்டால், அவர் இந்தக் குடும்பத்தில் வாழ்ந்ததற்கே அடையாளம் இருக்காது. அத்தைதான் தீர்த்து வைத்தார். "நம்ம வீட்டுக்கு வாழ வந்தவங்கதானே அண்ணா. பேரையாவது எழுதட்டும்." பிராதில் இருந்ததை இருந்தபடி, எங்கள் கருத்து எதையும் சேர்க்காமல் ஒரு பக்கத்தில் போட்டோம். பெயரை இங்கே எழுதவில்லை, புத்தகத்தில் இருக்கிறது. உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதியதை அவரவரிடம் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கினோம்.

மகள்களின் பெயர்கள் சொத்துப் பத்திரங்களில் அதிகமாகத் தென்படுவது பிற்காலத்தில்தான். மகளுக்குப் பிறப்பிலேயே சமபங்கு என்ற திருத்தம் ஆந்திரத்தில் 1986லும், தமிழ்நாட்டில் 1989லும், நாடு முழுவதும் 2005லும் சட்டமானது. அதற்கு முந்தைய பெண்களை வேறு இடங்களில் தேட வேண்டும். கடிதம், மளிகைக் கணக்கு, சீர் வரிசைப் பட்டியல், விடுதலைப் பத்திரம். மைதிலி சிவராமன் தன் பாட்டி சுப்புலட்சுமியின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் வைத்து ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார் (2006). பாட்டியின் பெட்டியைத் தூக்கிப் போடுமுன் அதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

செம்பில் பதிப்பித்தவர்கள்

சொந்தச் செலவில் குடும்ப வரலாறு போடுவது புதிய பழக்கம் என்று நினைக்கவேண்டாம். திருப்பதியிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் (1408-1503) கீர்த்தனைகளை அவருடைய மகனும் அடுத்த தலைமுறையும் ஆயிரக்கணக்கான செப்பேடுகளில் பொறித்து, திருமலைக் கோயிலுக்குள் ஒரு சிறு அறையில் வைத்தார்கள். பேரன் சின்ன திருவேங்கடநாதன் தாத்தாவின் வாழ்க்கையைத் தெலுங்கில் காவியமாக எழுதினார். பல நூறு வருடம் யாரும் கவனிக்காமல் கிடந்த செப்பேடுகளை 20ஆம் நூற்றாண்டில்தான் வெளியே எடுத்தார்கள். சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி போன்றவர்கள் படித்துப் பதிப்பித்தார்கள். தாத்தாவைப் பற்றிப் பேரன் எழுதி வைத்ததால்தான் அந்தக் குடும்பத்தைப் பற்றி இன்றைக்கு நமக்கு இவ்வளவு தெரிகிறது. அன்னமாச்சாரியாரின் மனைவி திம்மக்கா பெயர் நிற்பதோ அவரே ஒரு காவியம் எழுதியதால்.

நம்மிடம் செம்பு இல்லை, பிடிஎஃப் இருக்கிறது. ஆனால் பத்து வருடம் முன்னால் எடுத்த குறுந்தகட்டை இன்று திறக்க முடிகிறதா என்று பாருங்கள். அதனால்தான் காகிதம் வேண்டும் என்கிறேன்.

அச்சிடும்போது

எங்களுக்கு வந்த பெரிய கேள்வி எந்த மொழியில் என்பதுதான். சித்தூரிலேயே தங்கிவிட்ட அண்ணன் பிள்ளைகள் தெலுங்கில் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், வாசிக்க வராது. சென்னைக்கு வந்தவர்களுக்குத் தெலுங்கு வாசிக்க வராது. இங்கே வளரும் என் பிள்ளைகளுக்கு இரண்டுமே திணறல், ஆங்கிலம்தான். 1953ல் போட்ட கோடு எங்கள் வீட்டுக்குள்ளும் ஓடுகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. கடைசியில் கதை முழுவதும் தமிழில், ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு பக்கச் சுருக்கம் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும், வம்சாவளிப் படம் மட்டும் மூன்று எழுத்திலும் என்று முடிவு செய்தோம்.

மற்ற நடைமுறைகள் எளிது. தட்டச்சு எல்லாம் யூனிகோடில் இருக்கட்டும், பழைய எழுத்துருக்களில் செய்தால் பின்னால் மாற்றுவது கொடுமை. படங்களின் பின்பக்கம் எழுதியிருப்பதையும் ஸ்கேன் செய்யுங்கள். எந்தத் தகவல் பத்திரத்திலிருந்து வந்தது, எது அத்தை சொன்னது என்று பிரித்துக் காட்டுங்கள். ஐஎஸ்பிஎன் எண் இந்தியாவில் இலவசம். 1954ஆம் வருடச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் புத்தகத்தின் பிரதிகளைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட மூன்று நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். இதைச் சுமையாக நினைக்காதீர்கள். நம் வீட்டில் செல்லரித்தாலும் அங்கே ஒன்று இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டியது தொலைபேசியை எடுப்பது. ஆவணம் இன்னும் ஐம்பது வருடம் காத்திருக்கும், 85 வயது அத்தை காத்திருக்க மாட்டார். "நம்ம குடும்ப வரலாறு சொல்லுங்க" என்று கேட்டால் "என்னத்த சொல்றது" என்றுதான் பதில் வரும். "சின்ன வயசுல எந்த வீட்ல இருந்தீங்க? அடுப்பு எந்தப் பக்கம்? யார் சமைப்பாங்க? பக்கத்து வீட்ல யாரு?" என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் பேசுவார். அனுமதி கேட்டுவிட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

புத்தகம் போய்ச் சேர்ந்த மாதம் சித்தூரிலிருந்து அண்ணன் மகள் ஒரு படம் அனுப்பினாள். வம்சாவளியின் தெலுங்குப் பக்கத்தில் பென்சிலால் இரண்டு பெயர்கள் சேர்த்திருந்தாள். இரண்டும் பெண்கள். அவளுடைய பாட்டி சொன்னாராம். அடுத்த பதிப்பில் அவற்றை மூன்று எழுத்திலும் சேர்க்க வேண்டும்.