இளவட்டக் கல்லிலிருந்து கெட்டில்பெல் வரை

நம் கீழ்த்தள உடற்பயிற்சி அறைக்குக் கெட்டில்பெல் வாங்கலாம் என்ற பேச்சு எழுந்ததும் உங்களில் பலர் கேட்டது இதைத்தான்: இரும்பா, சிமெண்ட் அடைத்த பிளாஸ்டிக்கா, எத்தனை கிலோ? பணம் நம் பராமரிப்புத் தொகையிலிருந்து போகிறது, தூக்கப்போவதோ நம் இடுப்பு. ஆகவே முடிவெடுக்கும் முன் பழைய கதையைக் கொஞ்சம் பாருங்கள்.

கெட்டில்பெல்லுக்கு ரஷ்யாவில் கிர்யா என்று பெயர். சந்தையில் தானியம் நிறுக்க வைத்திருந்த, கைப்பிடி போட்ட எடைக்கல்தான் அது. அங்கே 40 ஃபுன்ட் சேர்ந்தால் 1 பூட், அதாவது ஏறத்தாழ 16.4 கிலோ. இன்று கடையில் 16, 24, 32 கிலோ என்று விற்பது ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட் கணக்குதான். (நம் மணங்கும் 40 சேர்தான்! ஆனால் மதராஸ் மணங்கு 25 பவுண்டு, சுமார் 11.3 கிலோ.) 1885இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கிராயெவ்ஸ்கி என்ற மருத்துவர் எடைப்பயிற்சிக் குழு ஒன்றைத் தொடங்கிய பிறகு கிர்யா சந்தையை விட்டுப் பயிற்சிக்கூடத்துக்குள் வந்தது.

நம்மிடம் இருந்தது இளவட்டக் கல். உருண்டையாக வழவழவென்று செதுக்கி ஊர்ப் பொது இடத்தில் போட்டிருப்பார்கள். பிடிக்க ஒரு விளிம்புகூட இருக்காது. குந்தி அமர்ந்து அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, மார்பில் சாய்த்து, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போட வேண்டும். அதைத் தூக்கியவனுக்குத்தான் பெண் என்ற பேச்சால் கல்யாணக் கல் என்றும் பெயர் உண்டு. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் இன்றும் பொங்கலுக்குப் போட்டி நடக்கிறது, பெண்களும் தூக்குகிறார்கள்.

கற்கள் 50 கிலோவிலிருந்து 100 கிலோவுக்கு மேலும் உண்டு. நீங்கள் சமையலறைக்குச் சுமந்து போகும் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஐந்தை ஒரே உருண்டையாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பொருளின் எடை முக்கியம். ஒரு லிட்டர் அளவுள்ள தண்ணீர் 1 கிலோ. அதே அளவு தேக்கு சுமார் 0.65, கான்கிரீட் 2.4, கருங்கல் 2.7, வார்ப்பிரும்பு 7.2 கிலோ. 100 கிலோ கருங்கல் உருண்டைக்குக் குறுக்களவு 41 செ.மீ. வரும், இரும்பில் 30 போதும். கட்டிப்பிடித்துத் தூக்குவதற்குக் கல்லின் பருமன் பொருத்தம். மரம் இலேசு என்பதால் கர்லாக்கட்டையில் பாரத்தைவிட நீளமும் சுழற்சியுமே வேலை வாங்குகின்றன.

நம் பாகூர்ப் பக்கம் ஏரிப் பாசன வண்டல் பூமி, பாறை கிடையாது. பத்தாம் நூற்றாண்டு மூலநாதர் கோயிலின் கருங்கல்லே வெளியூரிலிருந்து வந்திருக்க வேண்டியதுதான். வெறும் பலப்பரீட்சைக்கு யார் வண்டி கட்டிக் கல் கொண்டுவருவார்கள்?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். 12 கிலோ கெட்டில்பெல்லின் உருண்டைப் பகுதி இரும்பென்றால் சுமார் 15 செ.மீ., சிமெண்ட் அடைத்ததென்றால் 21 செ.மீ. கால்களுக்கிடையே வீசும்போது பெரியது தொடையில் இடிக்கும், தலைக்கு மேல் தூக்கினால் முன்கையில் அழுத்தும். கீழே விழுந்தால் பிளாஸ்டிக் ஓடு விரிசல் விடும், டைல்ஸும்தான். விலை கூடினாலும் இரும்பையே வாங்கலாம் என்பது என் கருத்து. அடியில் ரப்பர் விரிப்பு போட்டுவிடலாம். புதிதாகத் தொடங்கும் பெண்களுக்கு 8, ஆண்களுக்கு 12, பழகியவர்களுக்கு 16 என்று இரண்டிரண்டு போதும். 24 இப்போது வேண்டாம். முதுகுவலி, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள். வந்திறங்கியதும் தராசில் வைத்துப் பார்த்த பிறகே பில்லுக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

வில்லியனூர், பாகூர்க் கிராமங்களிலிருந்து வந்து குடியேறிய பெரியவர்கள் நம் பிளாக்குகளில் இருக்கிறீர்கள். உங்கள் ஊர்க் கோயில் வாசலிலோ அரசமரத்தடியிலோ இப்படி உருண்டைக் கல் கிடந்தது நினைவிருந்தால், அதை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள்.