எஸ்டீமா, சிட்டியா?

என் அக்கா மகன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். இரண்டு வருஷம் சேர்த்த பணத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம் வந்தான். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே ஓட்ட வேண்டுமாம். அதற்குத் தோதாக ஒரு பழைய வண்டி வாங்கித் தயார்செய்ய வேண்டும். டிராக் டேயில் பரிசு, கோப்பை எதுவும் கிடையாது. கட்டணம் கட்டி, ஹெல்மெட் மாட்டி, எதிரே லாரி வராத தடத்தில் சொந்த வண்டியை அதன் எல்லைவரை ஓட்டிப் பழகும் நாள் அது. சாலையில் காட்டவே கூடாத வேகத்தைக் காட்ட முறையான இடம் என்பதால், எனக்கு அவன் ஆசையில் மறுப்பு இல்லை.

இரண்டு வண்டி பார்த்து வைத்திருந்தான். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை மேலாளர் வீட்டு ஷெட்டில் 2004ஆம் வருஷத்து மாருதி எஸ்டீம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டர் வீட்டில் 2002ஆம் வருஷத்து ஹோண்டா சிட்டி 1.5 விடெக். ஊருக்கொன்று. அவன் மனசு சிட்டியில் இருந்தது, கேட்கும்போதே தெரிந்தது.

"மாமா, இது 106 குதிரை. எஸ்டீம் வெறும் 85. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

யோசிக்க இருக்கிறது. இரண்டும் ஏனோதானோ வண்டிகள் அல்ல. இந்திய டூரிங் கார் பந்தயங்களில் எஸ்டீமும் சிட்டியும் பல வருஷம் ஓடியவை. சிட்டி 1998இல் இந்தியாவுக்கு வந்தது. விடெக் இன்ஜின் வந்தது 2000இல். எஸ்டீம் அதற்கு மூத்தது. 1994இல் வந்து 2007வரை தயாரிப்பில் இருந்தது. பின்னாளில் வந்த, பதினாறு வால்வும் எரிபொருள் இன்ஜெக்ஷனும் கொண்ட 1,298 சிசி எஸ்டீமைத்தான் இங்கே கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். கார்புரேட்டர் வைத்த ஆரம்பகால எஸ்டீம் இந்த வேலைக்கு ஆகாது.

விடெக் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கேம் ஷாஃப்டில் இரண்டு விதமான முட்டுகள் இருக்கும். குறைந்த சுழற்சியில் சிறியது வால்வைத் திறக்கும். சுழற்சி ஏறியதும் ஆயில் அழுத்தம் ஒரு சிறு பின்னைத் தள்ளி, வால்வை அமுக்கும் ராக்கர்களைப் பூட்ட, பெரிய முட்டு பொறுப்பை எடுத்துக்கொள்ளும். அந்த நொடியில் இன்ஜினின் குரலே மாறும். டாக்டர் வீட்டு வண்டியை மதுரை சாலையில் மூன்றாவது கியரில் அழுத்தியபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. இருபது வருஷத்துக்கு மேலான இன்ஜின் அப்படி ஏறுவது, செய்தவர்களின் கைநேர்த்திக்குச் சாட்சி.

ஆனால் தடத்தில் ஓட்டப்போவது முழு வண்டியை. எனவே இரண்டையும் ஒரே நாளில் பஞ்சு லாரிகள் ஏறும் எடைமேடைக்குக் கொண்டுபோனோம். மேடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். லாரி எடை போடும் இடத்தில் கார் நிற்பது அவருக்குப் புதிது. அரை டேங்க் பெட்ரோல், ஆள் இல்லை. எஸ்டீம் 890 கிலோ என்று சீட்டு வந்தது. சிட்டி 1,030. ஓட்டுபவர் 75 கிலோ என்று சேர்த்தால் எஸ்டீமில் டன்னுக்கு 88 குதிரை, சிட்டியில் 96. இருபத்தொரு குதிரை என்று தெரிந்த வித்தியாசம், எடையோடு சேர்த்துப் பார்த்தால் எட்டாகச் சுருங்கிவிட்டது. பையன் சீட்டை வாங்கி இரண்டு தடவை பார்த்தான்.

அடுத்து நிறுத்துவது. இதைச் சொல்ல எனக்கு அவன் ஊரைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரின் வடத்தை ஆயிரக்கணக்கானோர் இழுக்கிறார்கள். கூட்டத்தின் கண் வடத்திலும் தேரின் உச்சியிலும் இருக்கும். தேர்க்காலுக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு குனிந்து நடப்பவர்களைப் பாருங்கள். தேர் நேராகப் போவதும், வீதி முனையில் திரும்புவதும், வேண்டிய இடத்தில் நிற்பதும் அவர்கள் கையில் இருக்கிறது. எந்தச் சக்கரத்தில், எந்த நொடியில், எவ்வளவு கட்டை கொடுப்பது என்ற கணக்கு தப்பினால் அத்தனை பேர் பலமும் ஆபத்தாகிவிடும். சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து நான் பார்த்தது அவர்களைத்தான்.

காரில் அந்த வேலை பிரேக்குக்கு. ஒரே வேகத்திலிருந்து நிறுத்தும்போது, ஆளோடு சேர்த்து 1,105 கிலோ வண்டி 965 கிலோ வண்டியைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு அதிகச் சூட்டை பிரேக்கில் இறக்குகிறது. சிட்டி வளைவுக்கு வரும்போது வேகமும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். வேகம் பத்து விழுக்காடு கூடினால் சூடு இருபத்தொரு விழுக்காடு கூடும். சாலையில் இது தெரியாது. ஒரு தடவை அழுத்தினால் ஆறுவதற்கு அரை மணி நேரம் கிடைக்கும். தடத்தில் அரை நிமிஷம்கூடக் கிடைக்காது.

பல வருஷத்துக்கு முன் நான் முதன்முதலில் தடத்தில் ஓட்டிய நாள் இன்னும் காலில் இருக்கிறது. நான்காவது சுற்று. வளைவுக்கு முன்னால் பெடலை மிதித்தேன். பஞ்சு மூட்டையை மிதித்ததுபோல் உள்ளே போனது. இரண்டு மூன்று தடவை விட்டு விட்டு மிதித்து, கியரைக் குறைத்து, வளைவின் வெளி ஓரத்து மண்ணில் நின்றேன். வண்டியில் குறை இல்லை. பிரேக் ஆயிலை நான் வருஷக்கணக்கில் மாற்றவில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவி. ஆவி அமுங்கும், பிரேக் பிடிக்காது. அன்றிலிருந்து யார் வண்டி வாங்க யோசனை கேட்டாலும் என் பேச்சு இன்ஜினில் தொடங்குவதில்லை.

இடம் மாறினால் தீர்ப்பும் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் தடம் 3.7 கிலோமீட்டர். சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்த காலம் போய், 1990இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் நீண்ட நேர்பாதையில் விடெக்கின் மேல் சுழற்சி முழுசாக வேலைசெய்யும். அங்கே எஸ்டீம் பின்தங்கும். செட்டிபாளையம் தடமோ 2 கிலோமீட்டர் சொச்சம்தான். சிட்டி முந்தத் தொடங்கும்போதே அடுத்த வளைவு வந்துவிடும். 2003இல் திறந்த அந்தத் தடம், 1995இல் விமான விபத்தில் இறந்த கோவை கரிவரதனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாருதி 800இன் சின்ன இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரைக் கட்டி, பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமாக இருந்த விளையாட்டின் கதவைத் திறந்தவர். எளிய வண்டி, கையருகே கிடைக்கும் பாகங்கள் என்ற அவர் வழியை நான் மனசார நம்புகிறேன். பின்னால் வந்த எல்ஜிபி ஃபார்முலா 4 கார்களும் சுசுகியின் 1300 சிசி இன்ஜினோடுதான் ஓடின.

பாகங்கள் என்றதும் வழக்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. எஸ்டீமின் இன்ஜின் குடும்பம் ஜிப்ஸியிலும் முதல் தலைமுறை ஸ்விஃப்டிலும் இருந்தது. கேஸ்கெட், வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட் எதற்கும் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டாம். கிடைக்காத புஷ் இருந்தால் ராஜபாளையம் லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். நூற்பாலைகளுக்கு வேலை செய்து பழகிய கைகள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்றால் அதற்கு அர்த்தம் தெரிந்தவர்கள். பழைய விடெக்குக்கோ பிரியர்கள் அதிகம், மிச்சமிருக்கும் பாகம் குறைவு. ஒரு டிஸ்ட்ரிபியூட்டருக்காக மதுரை, கோவை என்று பிரித்துப் போட்ட வண்டிகளைத் தேடி அலைய வேண்டியிருக்கும். தடத்தில் பாகம் தேயும், உடையும். அப்படி ஒன்று கிடைக்காமல் வண்டி ஆறு மாசம் ஷெட்டில் கிடந்தால் பழகுவது எப்படி?

ஆர்.சி.யும் பார்க்க வேண்டும். பதினைந்து வருஷம் தாண்டிய தனியார் காரின் பதிவை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். டிரைலரில் ஏற்றிப் போக வசதியில்லாதவன், மதுரை தாண்டி கோவைவரை சாலையில் ஓட்டித்தான் தடத்துக்குப் போயாக வேண்டும். அதனால் வண்டியின் அடிப்படை அமைப்பில் கைவைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். எஸ்டீமின் ஆர்.சி. போன வருஷம்தான் புதுப்பிக்கப்பட்டிருந்தது. சிட்டிக்கு இனிமேல்தான்.

சிட்டியின் பக்கம் நிற்கும் ஒரு நியாயத்தை மறைக்க மனசில்லை. தடத்தில் காலம் தள்ளிய பிறகு, கை தேர்ந்து, கையில் பணமும் சேர்ந்த ஒருவருக்கு அந்த இன்ஜின் தரும் இன்பத்தை எஸ்டீம் தராது. டாக்டரும் அந்த வண்டியைப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறார். கற்றுக்கொள்பவன் கையில் கொடுத்து அதைத் தேய்ப்பதைவிட, அவரிடமே இருப்பது நல்லது.

பையன் பதில் சொல்லாமல் ஊருக்குப் போனான். பத்து நாள் கழித்து, ராத்திரி ஒன்பது மணிக்கு போன் வந்தது.

"மாமா, எஸ்டீமுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டேன். முதல்ல என்ன வாங்கட்டும்? அலாய் வீலா?"

"டாட் 4 ஆயில், சீல் உடைக்காத டின். முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் புது பேட். பிரேக் ஹோஸ் நாலையும் கழற்றி வளைச்சுப் பாரு. வெடிப்பு இருந்தா எனக்கு போன் பண்ணு."

"பின்னாடி டிரம்?"

"ஞாயித்துக்கிழமை வர்றேன். நாம ரெண்டு பேரும் சேர்ந்து பிரிப்போம்."