ஹப் மோட்டாரா, மிட் டிரைவா? ஏற்றம் நிறைந்த குழித்துறை ரோட்டுக்கு எந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சரிப்பட்டு வரும்?

மார்த்தாண்டம் - குழித்துறை - களியக்காவிளை நெடுஞ்சாலையில் எந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டரும் பிரச்னை இல்லாமல் ஓடிவிடும். அதே ஸ்கூட்டரை அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஏற்றத்தில், பின்னால் ஒருவரை உட்கார வைத்து ஓட்டினால்தான் அதன் உண்மையான சக்தி தெரியும்.

லட்ச ரூபாய் கடன் வாங்கி வண்டி எடுத்த பிறகு, பாதி ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டி வந்தால் என்ன செய்வது? அதனால் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், மோட்டார் எங்கே இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்பதுதான். விரிவாகப் பார்க்கலாம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஹப் மோட்டார் என்பது பின் சக்கரத்துக்கு உள்ளேயே இருக்கும் மோட்டார். மோட்டார் சுற்றினால் சக்கரமும் சுற்றும். நடுவில் பெல்ட், செயின் எதுவும் கிடையாது.

மிட் டிரைவில் மோட்டார் வண்டியின் உடல் பகுதியில் இருக்கும். அது சுற்றும் வேகத்தை பெல்ட், செயின் அல்லது பல்சக்கரம் மூலம் குறைத்து, இழுவையைக் கூட்டி பின் சக்கரத்துக்குக் கொடுக்கும்.

எந்த வண்டியில் எது?

ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் ஐக்யூப் ஹப் மோட்டார் வண்டி. அதே ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450 வரிசை, பெல்ட் வைத்த மிட் டிரைவ். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்து வரும் ஓலா எஸ்1 புரோவும் மிட் டிரைவ்தான். ஆனால், அதே நிறுவனத்தின் எஸ்1 ஏர் ஹப் மோட்டாருடன் வந்தது. ஆம்பியரிலும் மேக்னஸ் ஹப், பிரைமஸ் மிட் டிரைவ். எனவே கம்பெனி பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எடுக்கப்போகும் மாடலில் என்ன மோட்டார் என்று கேட்க வேண்டும்.

ஏற்றத்தில் என்ன நடக்கிறது?

ஒரு சின்ன கணக்கு. வண்டி 120 கிலோ, இரண்டு பேர் சேர்ந்து 150 கிலோ, மொத்தம் 270 கிலோ. 100 மீட்டர் போவதற்குள் 10 மீட்டர் உயரும் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். இதில் ஏற சுமார் 300 நியூட்டன் தள்ளுவிசை வேண்டும். 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற சுமார் 1.7 கிலோவாட், 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற சுமார் 2.5 கிலோவாட் சக்தி தேவை.

ஹப் மோட்டார் இந்த இழுவை முழுவதையும் சக்கரத்தின் மெதுவான சுற்றிலேயே தர வேண்டும். அதற்கு அதிக மின்னோட்டம் இழுக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால், கம்பிச்சுருளில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். சூடு எல்லை தாண்டினால், மோட்டாரைக் காப்பாற்ற கன்ட்ரோலர் தானாகவே சக்தியைக் குறைத்துவிடும். ஏற்றத்தில் சில வண்டிகள் திடீரென்று திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மிட் டிரைவில் மோட்டார் வேகமாகச் சுற்றும்; சக்கரம் மெதுவாகச் சுற்றும். அதனால் அதே ஏற்றத்தில் மோட்டாருக்குச் சிரமம் குறைவு. நீண்ட ஏற்றத்தில் இதற்குத்தான் சாதகம்.

அப்படியென்றால் ஹப் மோட்டார் மோசமா?

இல்லை. 3 கிலோவாட் தொடர் சக்தி கொண்ட ஹப் மோட்டாருக்கு மேலே சொன்ன ஏற்றம் பெரிய விஷயம் இல்லை. சிக்கல் வருவது 1.2, 1.5 கிலோவாட் அளவில் உள்ள விலை குறைந்த வண்டிகளில்தான். தனியாளாக கடைக்கும் பேருந்து நிலையத்துக்கும் போய் வர அவை போதும். இரண்டு பேர், கூடவே ஒரு மூட்டை என்றால் திணறும்.

விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது 'பீக்' சக்தி. அது கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கிடைப்பது. நீண்ட ஏற்றத்துக்குத் தேவை 'ரேட்டட்' எனப்படும் தொடர் சக்தி. ஷோரூமில் கேட்க வேண்டியது இதைத்தான்.

டார்க் கணக்கில் ஏமாற வேண்டாம்

ஐக்யூப்பின் டார்க் 140 நியூட்டன் மீட்டர், ஏத்தர் 450 எக்ஸின் டார்க் 26 நியூட்டன் மீட்டர் என்று பார்த்தால், முதல் வண்டிக்கு ஐந்து மடங்கு பலம் என்று தோன்றும். அது சரியல்ல. முதல் எண் சக்கரத்தில் கிடைப்பது. இரண்டாவது மோட்டாரில் கிடைப்பது. உதாரணத்துக்கு, 26 நியூட்டன் மீட்டர் தரும் மோட்டாரின் சுற்றை 7-ல் ஒரு பங்காகக் குறைத்தால் சக்கரத்தில் 180-க்கு மேல் கிடைக்கும். இரண்டு வண்டியையும் ஒப்பிட்டால், இரண்டுக்கும் சக்கர டார்க்கைத்தான் கேட்க வேண்டும்.

பராமரிப்பு எதில் குறைவு?

தேயும் பாகம் குறைவு என்பதில் ஹப் மோட்டாருக்கே வெற்றி. மிட் டிரைவில் பெல்ட் அல்லது செயினைக் கவனிக்க வேண்டும், ஒரு கட்டத்தில் மாற்ற வேண்டும். பெல்ட் அறுந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும்.

ஆனால் ஹப் மோட்டாரில் பின் சக்கரம் கனமாக இருக்கும். குண்டும் குழியுமான ரோட்டில் அடி நேராக மோட்டாருக்குப் போகும். பின் டயரைக் கழற்ற வேண்டி வந்தால் ஒயர் இணைப்பையும் கழற்ற வேண்டும்; தெரிந்த மெக்கானிக் தேவை. டியூப்லெஸ் டயர் என்றால் சாதாரண பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை.

மழையும் வெள்ளமும்

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஐபி67 தரம் என்றால், 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் உள்ளே நீர் புகாது என்று ஆய்வகத்தில் சோதித்த பாகம் என்று பொருள். அது பேட்டரிக்கு மட்டுமா, மோட்டாருக்கும் உண்டா என்று கேளுங்கள். எந்தத் தரம் இருந்தாலும், தாமிரபரணியில் வெள்ளம் வந்து குழித்துறை சப்பாத்துப் பாலம் மூழ்கும்போது வண்டியை இறக்கவே கூடாது. ஓடும் தண்ணீர் வண்டியோடு ஆளையும் இழுத்துவிடும்.

லைசென்ஸ் வேண்டாத வண்டி?

மோட்டார் சக்தி 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருக்கும்படி அனுமதி பெற்ற வண்டிகளுக்கு பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. ஆனால் மேலே பார்த்த கணக்குப்படி, இரண்டு பேருடன் 10 சதவீத ஏற்றத்துக்கு 1,700 வாட் வேண்டும். 250 வாட் எங்கே, 1,700 வாட் எங்கே? மேட்டுப் பகுதியில் வீடு இருந்தால் இந்த வண்டி உதவாது.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

* டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலோடு முடிக்காதீர்கள். முடிந்தால் தினமும் போகும் வழியில் உள்ள பெரிய ஏற்றத்துக்கே கேட்டு எடுத்துச் செல்லுங்கள்.
* பின்னால் ஒருவரை ஏற்றி, ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, மீண்டும் கிளப்பிப் பாருங்கள். இதுதான் உண்மையான பரீட்சை.
* ஏற்றம் ஏறும் திறன் 'டிகிரி'யிலா, 'சதவீத'த்திலா என்று பாருங்கள். 10 சதவீத ஏற்றம் என்பது சுமார் 5.7 டிகிரிதான்.
* மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி மூன்றுக்கும் வாரன்டி எத்தனை ஆண்டு என்று எழுத்தில் வாங்குங்கள்.
* சர்வீஸ் சென்டர் மார்த்தாண்டத்திலா, நாகர்கோவிலிலா என்று விசாரியுங்கள். வண்டி நின்றால் ஏற்றிச் செல்லும் செலவு உங்களுடையதாகிவிடலாம்.

சுருக்கமாகச் சொன்னால், பெரும்பாலும் நெடுஞ்சாலை, தனியாள் பயணம் என்றால் ஹப் மோட்டார் போதும், பராமரிப்பும் குறைவு. விடியற்காலையில் பால்வெட்டுக்குத் தோட்டம் ஏறுபவர், ரப்பர் ஷீட் கட்டி வருபவர், தினமும் இருவராக மேடு ஏறுபவர் என்றால் மிட் டிரைவ் அல்லது தொடர் சக்தி 3 கிலோவாட் அளவில் உள்ள ஹப் மோட்டார் பாருங்கள். கலரையும் டிஸ்ப்ளேயையும் பார்ப்பதற்கு முன், வீட்டுக்குப் போகும் கடைசி ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.